நல்லாருக்கேம்மா

என் மகள் நன்றாக இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்த நாளிலிருந்துதான் எனக்குச் சந்தேகம்.

அதற்கு முன்னால் நான்கு வருடத்தில் அவள் ஒரு நாள்கூட அப்படிச் சொன்னதில்லை. பாண்டீஸ்வரியைப் பாளையம்பட்டியில் கட்டிக் கொடுத்த மறுநாளிலிருந்து தினமும் மூன்று தடவை போன் வரும். காலையில் அருப்புக்கோட்டை ஜவுளிக் கடைக்குப் பில் போடும் வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று, மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ஒன்று, சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரிய போன். ரசத்தில் உப்புக் கூடிப் போனதற்கு மாமியார் முகத்தைச் சுளித்ததில் தொடங்கி, மாப்பிள்ளை காலையில் சொல்லாமல் வேலைக்குப் போனது வரைக்கும் எல்லாம் என் காதுக்கு வந்துவிடும்.

நான் 'உம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. யார் என்ன கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும், எத்தனை நாள் பேசாமல் இருக்க வேண்டும், எப்போது அழ வேண்டும், எப்போது அழக் கூடாது, எல்லாம் சொல்லிக் கொடுப்பேன். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு சமைக்கிறேன். ஒரு கையால் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே இன்னொரு கையில் போனை வைத்துப் பாளையம்பட்டிக் குடும்பத்தையும் நடத்தினேன். இரண்டும் அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார் என்று மத்தியானம் போன் வந்தது. நான்கு மணிக்கு நான் அங்கே நின்றேன். ஆறு மணிக்கு அவளும் அவள் பையும் என்னோடு பஸ்ஸில் இருந்தார்கள். மூன்று மாதம் என் வீட்டில் வைத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு தடவை வந்து கேட்டும் அனுப்பவில்லை. தை மாதம் மூன்றாவது தடவை, மாப்பிள்ளையே வந்து தலை குனிந்து நின்ற பிறகுதான் அனுப்பினேன். அப்படிச் செய்தால்தான் ஆம்பளைகளுக்குப் பயம் இருக்கும்.

சித்திரையில் போன் மாறிப் போனது.

"நல்லாருக்கேம்மா," என்றாள்.

"என்னத்தா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. நல்லாருக்கேன்."

"ஒங்க அத்தை ஏதும் சொன்னாகளா?"

"இல்லம்மா."

"மாப்ள?"

"அவுகளும் நல்லாருக்காக. வச்சுரவா?"

வைத்துவிடவா என்று என்னைக் கேட்கிறாள்! முன்னெல்லாம் நான் வைக்கச் சொன்னாலும் வைக்க மாட்டாள். சிக்னல் சரியில்லை போலிருக்கிறது என்று அன்றைக்கு மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாளும் அதே பேச்சு. ஒரு வாரத்தில் காலை போன் நின்றது. அடுத்த வாரம் மத்தியானப் போன் நின்றது. வைகாசி பிறந்தபோது ஆறு மணிப் போன் வாரத்துக்கு இரண்டு என்று ஆகிவிட்டது. வந்தாலும் நான்கு வார்த்தைதான். குரலில் அழுகை இல்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் இல்லை. பக்கத்தில் யாரோ நின்றுகொண்டு 'இதை மட்டும் சொல்லு' என்று சொல்லிக் கொடுத்த மாதிரி அவ்வளவு அளவான பேச்சு.

எனக்கு ஆறு மணி ஆனால் கை வேலை ஓடாது. போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். மில்லில் வாட்ச்மேன் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் இருளாண்டி, "பிள்ளை சந்தோசமா இருந்தா ஒனக்கு என்ன புள்ள நோவுது?" என்பார். அவருக்கு என்ன தெரியும்? நன்றாக இருக்கிற பெண் எதற்கு அம்மாவிடம் பேசாமல் இருக்க வேண்டும்?

என் சித்தி மகள் சுமதி பாளையம்பட்டியில் பாண்டீஸ்வரி இருக்கிற அதே தெருவில் பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன்.

"அங்க சண்ட சத்தம் ஏதும் கேக்குதாடி?"

"சண்டையெல்லாம் இல்லக்கா. சாயங்காலமானா ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தந்தான் கேக்குது."

"எதுக்குச் சிரிக்கிறாக?"

"அது எனக்கு எப்படிக்கா தெரியும்?"

இதையெல்லாம் கவனித்துச் சொல்லத் தெரியவில்லை என்றால் தெருவில் கடை எதற்கு? வெளியே கேட்கிற மாதிரி சிரிக்கிறார்கள் என்றால் உள்ளே எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். இன்னும் கிளறியதில் சுமதி ஒன்றைச் சொன்னாள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கடைக்குப் போகிற நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே இரண்டு பேரும் வண்டியில் எங்கேயோ போகிறார்களாம். பாண்டீஸ்வரி துப்பட்டாவை முகத்தில் சுற்றியிருப்பாளாம். வெயிலுக்கு எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் சுற்றுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் காலை ஏழு மணிக்கு என்ன வெயில்?

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. அருப்புக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து டவுன் பஸ். அவள் கடைக்கும் மாப்பிள்ளை மாரிச்செல்வம் விசைத்தறிக் கூடத்து மெக்கானிக் வேலைக்கும் போயிருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன்.

சம்பந்தி தங்கலட்சுமி கதவைத் திறந்தாள். "வாங்க மதினி! சொல்லியிருந்தா பாண்டிய லீவு போடச் சொல்லியிருப்பேனே," என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் குறித்துக்கொண்டேன். போன புரட்டாசிக்குப் பிறகு என்னைப் பார்த்து இவள் சிரிக்க என்ன இருக்கிறது?

அடுக்களைக்குள் போய்ப் பார்த்தேன். தையில் நான் அரைத்துக் கொடுத்தனுப்பிய மிளகாய்ப் பொடி, போட்ட முடிச்சு அவிழ்க்காமல் மேல் தட்டில் கிடந்தது. கீழே வேறொரு டப்பாவில் வெளுத்த நிறத்தில் ஒரு பொடி.

"இது யாரு அரைச்சது?"

"பாண்டிதான் மதினி. மல்லியைக் கூடப் போட்டு அவளா ஒரு கணக்குல அரைச்சுக்கிட்டா. நல்லாத்தான் இருக்கு."

கல்யாணத்துக்கு முன்னால் வெந்நீர் வைக்கக்கூட என்னைக் கேட்டுச் செய்தவள். என்னைக் கேட்காமல் பொடி அரைத்திருக்கிறாள் என்றால் அவள் மனதை யாரோ மாற்றியிருக்க வேண்டும்.

தங்கலட்சுமி எனக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கிவரச் சுமதி கடைக்குப் போனாள். அந்த ஐந்து நிமிடம் எனக்குப் போதும். பீரோவைத் திறந்தேன். தப்புத்தான். ஆனால் பெற்றவள் திறக்காமல் யார் திறப்பது? சேலை அடுக்குக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, ஒரு ஆஸ்பத்திரி சீட்டு. பாண்டீஸ்வரி, வயது இருபத்தேழு. டாக்டர் கிறுக்கியது புரியவில்லை. மேலே அச்சடித்திருந்தது புரிந்தது. மனநலப் பிரிவு. அடுத்து வர வேண்டிய தேதி, வருகிற வெள்ளிக்கிழமை.

கட்டிலில் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை போகிறது பிள்ளைப்பேறு விஷயமாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது வேறு. கல்லுக் குண்டாட்டம் இருந்த பிள்ளைக்கு மன வியாதி எப்படி வரும்? யோசிக்க யோசிக்க எனக்கு வழி தெளிவாகத் தெரிந்தது. பைத்தியம் என்று சீட்டு வாங்கி வைத்துக்கொண்டால் நாளைக்குக் கல்யாணத்தை முறித்து அத்துவிடுவது சுலபம். அதற்குத்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் கூட்டிப் போகிறார்கள். அதற்குத்தான் என்னோடு பேசவிடாமல் வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் சம்பந்தி சிரிக்கிறாள்.

தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. கவரை இருந்த இடத்தில் வைத்துவிட்டுச் சீட்டை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். கலரைக் குடித்தேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

இருளாண்டி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாப்பாகிட்டயே கேட்டுப் பாரேன் புள்ள," என்றார்.

"அவ வாயைத் தொறந்து சொல்லுவாளா? பக்கத்துலயே ஆளு நிக்கும்."

"நீயா நெனைச்சுக்கிறாத."

"நானா நெனைக்கல. சாமிகிட்ட கேட்டுட்டு வாரேன்."

எங்கள் பக்கத்தில் முடிவு தெரியாத காரியத்துக்குப் பூப் போட்டுப் பார்ப்போம். கண்மாய்க் கரையில் இருக்கிற எங்கள் கருப்பசாமி கோயிலில் பூசாரி ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக ஒரே மாதிரிப் பொட்டலம் கட்டிச் சாமி காலடியில் போடுவார். கேள்வியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, மனதுக்குள் கேட்க வேண்டும். இல்லை என்றால் வெள்ளை வரும், உண்டு என்றால் சிவப்பு.

"மனசுல ஒரே கேள்விதான் இருக்கணும் தாயி," என்றார் பூசாரி.

கண்ணை மூடினேன். என் மக குடும்பத்தைக் கெடுக்குறதுக்கு ஒரு ஆளு இருக்கா சாமி? அவ்வளவுதான் கேட்டேன். பேரைச் சொல்லவில்லை. தங்கலட்சுமி முகத்தை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

பூசாரி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். சிவப்பு. செவ்வரளி, வாடாமல் ஈரமாக இருந்தது. அதை அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டு நேரே என் தம்பி சண்முகவேல் வீட்டுக்குப் போனேன்.

தாய்மாமன் என்றால் சும்மா காது குத்துக்கு மடி கொடுப்பதற்கு மட்டுமா? அவன் சீட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். "நம்ம பிள்ளைக்குப் பைத்தியக்காரப் பட்டமா? ஞாயம் கேக்காம விடக்கூடாதுக்கா," என்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாற்றிக் கட்டிய சேலையிலும் பூவை முடிந்துகொண்டேன். அவனுடைய குட்டியானை லோடு வண்டியில் ஏறினோம். முன்னால் அவனும் நானும், பின்னால் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஐந்து பேர். இருளாண்டியைக் கூப்பிட்டேன். "ஏந் தோட்டத்துக் கருவேல முள்ளு வெட்டணும்," என்று வேலியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எங்களுக்குத் தோட்டமே கிடையாது.

போகிற வழியெல்லாம் சண்முகவேல் ஞாயம் கேட்கிற முறையைச் சொல்லிக்கொண்டு வந்தான். எனக்குத் தெரியாததில்லை. ஞாயம் கேட்கப் போன வீட்டில் பேச்சு முடியும் வரைக்கும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. குடித்துவிட்டால் வந்த கோபம் முடிந்தது என்று அர்த்தம். "அவுக தண்ணி குடுப்பாக. யாரும் கையை நீட்டிறாதீக," என்று பின்னால் பார்த்து இரண்டு தடவை கத்தினான்.

நாங்கள் போய் இறங்கியபோது மாப்பிள்ளை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பாண்டீஸ்வரி பக்கத்தில் படியில் உட்கார்ந்து ஈரத் தலையைக் காய வைத்துக்கொண்டு அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. வண்டியில் மாமாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நானும் மற்ற ஐந்து பேரும் இறங்கியதைப் பார்த்ததும் அந்த முகம் செத்துப் போனது. பயந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. யாரைப் பார்த்துப் பயந்தாள் என்று நான் யோசிக்கவில்லை.

"வாங்கத்தே, வாங்க மாமா," என்று மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே பாயும் நாற்காலியும் போட்டார்கள். தங்கலட்சுமி ஏழு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒருத்தரும் தொடவில்லை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றாள்.

சண்முகவேல்தான் ஆரம்பித்தான். "மாப்ள, எங்க பிள்ளையை நல்லா வச்சிருக்கீகளா?"

"பிள்ளைகிட்டயே கேளுங்க மாமா."

"அவள எங்க பேச விட்டீக?" என்று நான் எழுந்துவிட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நாலு வருசமா மூணு வேளையும் பேசுன பிள்ளைய வாயடைச்சு வச்சிருக்கீக. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எங்க கூட்டிட்டுப் போறீகன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீகளா? எம் பிள்ளைக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டி அத்துவிடப் பாக்குறீக!" இடுப்பிலிருந்து சீட்டை எடுத்து நடுப் பாயில் போட்டேன்.

பெரிய மனிதர்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் "மனநலம்" என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாண்டீஸ்வரி அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். பிறகு குனிந்து அந்தச் சீட்டை எடுத்தாள். மடிப்பை நீவிவிட்டாள்.

"இதத்தான் மூணு நாளாத் தேடுனோம்," என்றாள். "வெள்ளிக்கிழமை சீட்டு இல்லாமப் போயி, மறுபடி வரிசையில நின்னு, வேற சீட்டு போட்டு, டாக்டரம்மாவப் பாக்க ஒரு மணி ஆயிருச்சு. அன்னைக்கு எனக்குச் சம்பளத்துல பிடிச்சுட்டாக. பீரோவத் தொறந்தியாம்மா?"

நான் முந்தானை முடிச்சை இறுக்கினேன்.

"என்னைய யாரும் கூட்டிட்டுப் போகல மாமா," என்று சண்முகவேலைப் பார்த்துச் சொன்னாள். "நானாத்தான் போனேன். மாசியில எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு. தூக்கமே வரல. பில்லுல எழுத்து ஆடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெஞ்சுக்குப் பாத்தாக, ஒண்ணுமில்ல, மேல மாடியில போயிப் பாருன்னாக. அங்க ஒரு டாக்டரம்மா, 'ஒனக்கு என்னம்மா பண்ணுது?'ன்னு கேட்டாக. நா என்ன செஞ்சேன் தெரியுமா?" அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "பைக்குள்ள போனைத் தேடுனேன். எனக்கு என்ன பண்ணுதுன்னு அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்றேன்னு சொல்ல வாயெடுத்துட்டேன்."

சீட்டை நான்காக மடித்தாள்.

"அப்பத்தான் எனக்கே பயமா இருந்துச்சு. எனக்குப் பசிக்குதா, கோவமா, அவுகள எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா, ஒண்ணுமே எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் ஒன்கிட்ட கேட்டுத்தான் நா தெரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"பெத்தவகிட்ட கேக்காம யாருகிட்டடி கேப்ப?" என்றேன்.

"கேட்டதால என்னம்மா ஆச்சு? புரட்டாசியில அவுக தட்டைத் தள்ளிவிட்டது தப்பு. அன்னைக்குச் சாயங்காலமே கறிவேப்பிலை எடுக்குற சாக்குல அடுக்களைக்கு வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாக. நா சரின்னு சொல்லப் போனேன். வாசல்ல நீ பையோட நிக்கிற. எங்க சண்ட அன்னைக்கே முடிஞ்சு போச்சும்மா. ஒனக்கு முடிய மூணு மாசமாச்சு. அந்த மூணு மாசமும் ஒன் வீட்டுல நா எத்தன நாளு தூங்குனேன்னு ஒனக்குத் தெரியுமா? என்னையவே பாத்துக்கிட்டு இருந்தியே, அது மட்டும் தெரியலயே ஒனக்கு."

சண்முகவேல் இருமினான். "சரித்தா. என்ன இருந்தாலும் பெத்தவ மனசு. நீ ஒரு பத்து நாளைக்கு எங்களோட வந்து இரு. மாத்திரை கீத்திரை இல்லாமச் சரியாப் போகும். பையை எடு."

மாப்பிள்ளை அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. 'போ' என்றும் சொல்லவில்லை, 'போகாதே' என்றும் சொல்லவில்லை. நான் பாண்டீஸ்வரியைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து எதற்கும் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். இப்போதும் என் முகத்தைத்தான் பார்த்தாள். ஆனால் அனுமதிக்குப் பார்க்கவில்லை.

"நா வரல மாமா," என்றாள்.

பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். என் தம்ளரை எடுத்து நீட்டினாள். எங்கள் வழக்கம் அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் நீட்டினாள்.

"ஒன்னைய வேணாங்கலம்மா," என்று மெதுவாகச் சொன்னாள். மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. "ஒன்கிட்டப் பேசுன அன்னைக்குத்தான் மாத்திரை வேணும். அதான் கொறைச்சேன். அது சரியாகட்டும்னுதான் கொறைச்சேன். புதன்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் நானே போன் போடுவேன். எங்க சண்ட எங்களோட இருக்கட்டும். குடிம்மா."

தம்ளர் என் கையில் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடிக்கவில்லை என்றால் ஞாயம் தொடரும். சண்முகவேல் கத்துவான், மாப்பிள்ளை எதிர்த்துப் பேசுவார், யாராவது கையை ஓங்குவார்கள், பை வண்டியில் ஏறும். அவள் வருவாளோ மாட்டாளோ, இந்த வீடு பழையபடி இருக்காது. மறுபடி மூன்று வேளையும் போன் வரும். அழுகையோடு வரும். எனக்கு அது வேண்டும் போலிருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த நிமிடம் எனக்கு அது வேண்டும் போலத்தான் இருந்தது.

அவள் கை தம்ளருக்கு அடியில் இன்னும் தாங்கிக்கொண்டிருந்தது.

குடித்துவிட்டேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

பெரிய மனிதர்கள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தங்கள் தம்ளரை எடுத்தார்கள். சண்முகவேல் கடைசியாகக் குடித்தான். அப்புறம் எல்லோருக்கும் கறிக்குழம்பு. மாப்பிள்ளை பரிமாறினார். அவள் அரைத்த பொடி நன்றாகத்தான் இருந்தது. என்னுடையதைவிடக் காரம் கம்மி. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது சண்முகவேல் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தான். பின்னாலிருந்து யாரோ, "ஞாயம் கேக்கப் போயி விருந்து தின்னுட்டு வாரோம்," என்று சிரித்தார்கள். நான் முகம் துடைக்க முந்தானையை எடுத்தேன். முடிச்சில் அந்தச் செவ்வரளி வாடிப் போய்க் கிடந்தது. நான் கேட்ட கேள்வி எழுத்துப் பிசகாமல் நினைவுக்கு வந்தது. என் மக குடும்பத்தைக் கெடுக்குறதுக்கு ஒரு ஆளு இருக்கா? சாமி உண்டு என்றுதான் சொன்னது. நான்தான் அவசரப்பட்டுச் சம்பந்தி முகத்தை நினைத்துக்கொண்டேன்.

பூவை ஜன்னல் வழியாகப் போட்டேன். திருச்சுழி வரைக்கும் அழுதேன்.

இருளாண்டி எங்கும் போகாமல் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். "பாப்பா எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாருக்கா."

அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஆறு மணிக்குப் போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்தேன். புதன்கிழமை வெளியே எடுத்து வைத்தேன். ஆறு மணி ஆகி இருபது நிமிடம் கழிந்தது. வர மாட்டாள் என்று முடிவு கட்டினேன். அன்றைக்குச் சொன்னதெல்லாம் என்னை அனுப்பி வைக்கச் சொன்ன பேச்சு. அப்போது போன் அடித்தது.

"நாந்தாம்மா. கடையில லேட்டாயிருச்சு."

மாப்ள வந்துட்டாகளா, அவுக என்ன சொன்னாக, அத்தை மூஞ்சி எப்படி இருக்கு, அன்னைக்கு நாங்க போன பெறகு சண்ட வந்துச்சா, மாத்திரை சாப்பிட்டியா. அத்தனையும் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நீ எப்படிம்மா இருக்க?" என்று கேட்டாள்.

என்னை யாரும் அப்படிக் கேட்டு ரொம்ப நாளாகிறது. என்ன சொல்வது என்று யோசித்தேன். அவளைப் பற்றி என்றால் விடிய விடியச் சொல்வேன். என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"நல்லாருக்கேன்," என்றேன்.

நான் வருடக்கணக்காக அவளைக் கேள்வி கேட்ட அதே குரலில், அதே சந்தேகத்தோடு, "நெசமாவாம்மா?" என்றாள்.

அரிசி டப்பாவின் மூடியைத் திறந்து மூடினேன். மறுபடி திறந்தேன்.

"இல்லத்தா," என்றேன். "ஆறு மணி ஆனா நெஞ்சு படபடன்னு வருது. அங்க வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குச் சீட்டுப் போடுவாக?"

"ஏழு மணிக்கு வந்துரும்மா," என்றாள். "ஒம் பேர்ல புதுச்சீட்டுப் போட்டுக்கலாம். என் சீட்டை எடுத்துட்டு வரவேணாம்."

அவள் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.